நாயோட கடற்கரைக்குப் போறவங்களுக்கும் நாலு வரி போடுங்க சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க சுற்றுலாப் பக்கத்துல வசந்த காலத்துல கடற்கரைக்குப் போறதப் பத்தி முழுசா ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, ரூம் எப்ப புக் பண்ணணும், கூட்டம் எப்ப குறைவா இருக்கும், என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு எல்லாம் நல்லாவே எழுதியிருந்தாங்க. ஆனா மேல பெருசா ஒரு போட்டோ இருந்துச்சு பாருங்க, கழுத்துல பெல்ட்டே இல்லாத ஒரு நாய் அலையோரமா உக்காந்திருந்த பறவைக் கூட்டத்துக்குள்ள பாயுது, பறவையெல்லாம் பதறிப்போய் எழும்புது, கீழ "குதூகலம்"னு ஒரு வார்த்தை. நாயக் கூட்டிட்டுப் போறவங்களுக்குன்னு அந்தப் பக்கத்துல இருந்தது அந்த ஒத்த வார்த்தை மட்டும்தான். அது மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு, அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமாத்தான் வரும், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

எங்க வீட்ல மணி இருக்கான், லேப்ரடார் கலந்த கலப்பு, இப்ப 8 வயசு. அஞ்சு வருஷமா வசந்தம் வந்தா அவனையும் கூட்டிக்கிட்டுத்தான் கடலுக்குப் போறோம், அவன விட்டுட்டுப் போறதா இருந்தா என் பொண்ணு வரவே மாட்டா. முதல் தடவ போனப்ப எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. கரைக்குப் போனதும் பொண்ணு டென்னிஸ் பந்த எடுத்து அலைக்குள்ள வீச ஆரம்பிச்சா, அவன் பாஞ்சு போய் கவ்விக்கிட்டு வருவான், கால்கிட்ட போடுவான், மறுபடி வீசச் சொல்லி குரைப்பான், இப்படியே ஒரு மணி நேரத்துக்கு மேல. நாங்களும் எவ்ளோ சந்தோஷமா இருக்கான் பாருன்னு வீடியோ எடுத்துக்கிட்டு நின்னோம். சாயங்காலம் ரூமுக்கு வந்ததும் தண்ணியா வயித்தால போச்சு, அப்புறம் வாந்தி, ராத்திரி எட்டு மணிக்கு எழுந்து நடக்கப் பாத்தான், பின்னங்கால் ரெண்டும் பின்னிக்கிட்டு செவுத்துல போய் சாஞ்சான். தூக்கிக்கிட்டு ஓடினோம். டாக்டர் அவன் வாயத் திறந்து பாத்துக்கிட்டே கேட்ட முதல் கேள்வி, "கடல்ல பந்து விளையாடினானாம்மா?"

அந்தப் பந்து என் பையிலதான் இருந்துச்சு. டாக்டர் சொல்லித்தான் எடுத்துக் கையில வச்சு அமுக்கினேன், விரல் இடுக்குல எல்லாம் கடல் தண்ணி ஒழுகுது, மேல இருக்கிற மஞ்சப் பஞ்சுல மணல் ஈரமா அப்பிக்கிட்டு இருக்கு. ஒவ்வொரு தடவ கவ்வும்போதும் அது ஸ்பாஞ்ச் மாதிரி அவன் தொண்டைக்குள்ள உப்புத் தண்ணியப் பிழிஞ்சு விட்டிருக்கு, பல்லுல ஒட்டுற மணலும் கூடவே உள்ள போயிருக்கு. கடல் தண்ணில லிட்டருக்கு சுமாரா 35 கிராம் உப்பு சார். கொஞ்சமா போச்சுன்னா குடலுக்குள்ள தண்ணிய இழுத்து வயித்துப்போக்கோட நின்னுடும். நிறைய போச்சுன்னா ரத்தத்துல சோடியம் ஏறிடும், அப்புறம் தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு, உசுருக்கே ஆபத்து. அந்த நிலமையில நாமளே தண்ணிய ஊத்தி ஊத்தி சரி பண்ணிடலாம்னு நினைக்கவே கூடாது, ஏறின சோடியத்த சடார்னு இறக்கினா மூளை வீங்கிடும், டாக்டர் ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்துப் பாத்து ட்ரிப்ஸ்ல மெதுவாத்தான் இறக்கணும். மணலும் அப்படித்தான், அதிகமா போனா குடல்ல கெட்டியா அடைச்சுக்கும், வயிறு வலிக்கும், ஒண்ணுமே வெளிய போகாது. மணி ரெண்டு நாள் அங்கயே படுத்துக் கிடந்து பொழச்சு வந்தான்.

அன்னைக்குப் புரிஞ்சது ஒண்ணுதான். நாய்க்குப் போதும்னு நிறுத்தத் தெரியாது. அதுவும் தனக்குப் பிடிச்ச ஆளு பந்து போடும்போது சுத்தமா தெரியாது, மூச்சு வாங்கினாலும் ஓடும், உப்பு எரிஞ்சாலும் ஓடும், நாம சந்தோஷமா இருக்கோம்ல, அதுக்காக ஓடும். அதனால கடற்கரைக்குப் பிளான் போடுறதுன்னா எங்க போறது எங்க தங்குறதுன்னு மட்டும் இல்ல, எங்க எப்ப நிறுத்துறதுன்னும் முன்னாடியே பிளான் போட்டுக்கணும், அது நம்ம வேலை.

இப்ப நாங்க பண்றது இதுதான். கரைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே நல்ல தண்ணி வயிறு நிறையக் குடிக்க வச்சிடுவோம், தாகத்தோட போற நாய்தான் கடல்ல வாய வைக்கும். பெரிய கேன்ல நல்ல தண்ணியும் அவன் வீட்ல குடிக்கிற அதே கிண்ணமும் கூடவே வரும், கிண்ணம் மாறினா சில நாய் குடிக்காது. கால் மணி நேரம் விளையாட்டு, உடனே கூப்பிட்டு நிழல்ல உக்கார வச்சுத் தண்ணி, பத்து நிமிஷம் ஓய்வு, அப்புறம்தான் அடுத்த ஆட்டம். பொண்ணு போன்ல அலாரம் வச்சிருக்கா. பந்துக்குப் பதிலா தண்ணில மிதக்கிற மெல்லிசான ரப்பர் பொம்மை, அதக் கவ்வ வாயப் பெருசா திறக்க வேண்டியதில்ல, ஊறவும் ஊறாது. மணல்ல விழுந்தா கழுவிட்டுத்தான் மறுபடி தூக்கிப் போடுவோம்.

தேதிய முடிவு பண்றதப் பத்தி உங்க கட்டுரையில ஒரு வரி கூட இல்ல, அதையும் சொல்றேன். எங்க வீட்டுக்காரர் லீவு போடுறதுக்கு முன்னாடி காலண்டர்ல அமாவாசை பௌர்ணமி எப்பன்னு பாப்பாரு. அந்த நாள ஒட்டி கடல் தண்ணி கரையில ஏறி வர்ற ஏத்தமும், பின்வாங்கிப் போற வத்தலும் மத்த நாள விட அதிகம், மார்ச் மாசம் பகலும் ராத்திரியும் சமமா வர்ற நாளுக்குப் பக்கத்துல வந்துச்சுன்னா இன்னும் அதிகம். பெரும்பாலான கரையில ஏத்தத்துக்கும் வத்தலுக்கும் நடுவுல ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, அடுத்த நாள் அதே ஏத்தம் சுமாரா 50 நிமிஷம் தள்ளி வரும். இது எதுக்கு நாய்க்குன்னு கேப்பீங்க. தண்ணி வத்தி இருக்கும்போது அலையோரம் ஈர மணல் கெட்டியா அகலமா கிடக்கும், சூடு இருக்காது, நடக்க அவ்ளோ சுகம், நாலு பேர் நாயோட வந்தாலும் ஒருத்தர ஒருத்தர் இடிக்காம போகலாம். ஏத்தத்துல மிஞ்சுறது மேல இருக்கிற காஞ்ச மணல் மட்டும்தான், அது கால் புதையும், வெயில்ல கொதிக்கும், அதோட வசந்த காலத்துல பறவைங்க முட்ட வைக்கிறதும் அங்கதான். பாறையும் முனையும் இருக்கிற கரைன்னா இன்னும் ஜாக்கிரதை, நடந்து சுத்தி வந்துட்டுத் திரும்பிப் பாத்தா வந்த வழியத் தண்ணி மூடியிருக்கும்.

பறவைன்னு சொன்னேன்ல, இதக் கொஞ்சம் பொறுமையா கேளுங்க சார், உங்க போட்டோவுக்காகத்தான் முக்கியமா எழுத உக்காந்தேன். உப்புக்கொத்தின்னு ஒரு சின்னப் பறவை, மணல் நிறத்துல இருக்கும், உள்ளங்கையில அடங்கிடும். கூடுன்னு ஒண்ணும் கட்டாது, காஞ்ச மணல்ல நெஞ்ச வச்சு லேசா ஒரு குழி பண்ணி மூணு நாலு முட்ட போடும், முட்டையும் புள்ளி போட்ட கூழாங்கல்லு மாதிரியே இருக்கும், ரெண்டடி தள்ளி நின்னாலும் கண்ணுக்குத் தெரியாது. மூணு வருஷத்துக்கு முன்னாடி மணியக் கயித்தோட நடத்திக்கிட்டுப் போறேன், முன்னாடி ஒரு பறவை ஒரு பக்கத்து றெக்கைய மணல்ல தேச்சுக்கிட்டே நொண்டி நொண்டி ஓடுது. ஐயோ அடிபட்டிருக்கேன்னு நான் ரெண்டு அடி அது பின்னாடி போனேன், மணி ஒரே இழுப்பா இழுக்கிறான். அது இன்னும் கொஞ்சம் தூரம் ஓடி, திடீர்னு நல்லா பறந்து ஒரு வட்டம் அடிச்சு எங்களுக்குப் பின்னாடி போய் இறங்குச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது அது நடிப்புன்னு, முட்டைகிட்ட இருந்து எங்கள இழுத்துட்டுப் போறதுக்காக அது தன்னையே இரையா காட்டியிருக்கு. நான் நின்ன இடத்துலயே நின்னுட்டேன், அடுத்த அடிய எங்க வைக்கிறதுன்னே தெரியல, வந்த காலடித் தடத்துலயே திரும்பி நடந்தோம்.

கயிறு இல்லாத நாய் வந்தா அந்தப் பறவை முட்டைய விட்டுட்டு எழும்பி ஓடும், நாய் முட்டைய மிதிக்கணும்னு கூட இல்ல, அது திரும்பி வந்து உக்கார நேரம் ஆகுற வரைக்கும் முட்ட வெயில்ல வேகும், இல்லன்னா காக்கா கடற்காக்கா வந்து தூக்கிட்டுப் போயிடும். உங்க போட்டோவுல இருக்கிற மாதிரி கூட்டமா அலையோரம் நிக்கிற பறவைங்க வேற கதை. வசந்தத்துல அதுங்க வடக்க ஆர்க்டிக் பக்கம் வரைக்கும் பறந்து போறதுக்கு இங்க உக்காந்து தின்னு தின்னு உடம்புல கொழுப்பு சேக்குதுங்க, ஒவ்வொரு தடவ நாய் விரட்டும்போதும் சேத்து வச்சதுல கொஞ்சம் கரைஞ்சு போகுது. அதனாலதான் பல நாடுகள்ல இந்த சீசன்ல கயிறு கட்டாயம். இங்கிலாந்துல மக்கள் நடக்கத் திறந்து விட்டிருக்கிற பொது நிலங்கள்ல மார்ச் 1 முதல் ஜூலை 31 வரைக்கும் நாய் 2 மீட்டருக்கு மேல போகாத கயித்துல இருக்கணும்னு சட்டமே இருக்கு. கோடை வந்துட்டா நாயவே விடாத கடற்கரைகளும் நிறைய, வசந்தத்துல விடுவாங்க, அதனால எந்தத் தேதி வரைக்கும் விடுவாங்க எந்தப் பக்கம் விடுவாங்கன்னு முன்னாடியே விசாரிச்சுட்டுப் போறது நல்லது, அங்க போய் போர்டப் பாத்துட்டுத் திரும்பி வர்றது நாய்க்கும் நமக்கும் கஷ்டம்.

தங்குற இடம் பத்தி எனக்கு ஒரு மனக்குறை இருக்கு. ரெண்டாவது வருஷம் புக் பண்ணும்போது நாய்க்கு அனுமதி உண்டுன்னுதான் போட்டிருந்தாங்க, அஞ்சு மணி நேரம் கார் ஓட்டிட்டுப் போய் இறங்கினா, நாய் ரூமுக்குள்ள வரக்கூடாது, பின்னாடி கூண்டு இருக்கு அதுல போடுங்கன்னாங்க. மணி வீட்ல என் கட்டில் பக்கத்துல படுக்கிறவன். அன்னைக்கு ராத்திரி மூணு பேரும் கார்லயே ஜன்னலத் திறந்து வச்சுட்டுத் தூங்கினோம். அதுலருந்து நான் போன்ல பேசாம எதையும் புக் பண்றதில்ல. ரூமுக்குள்ள விடுவீங்களா, எத்தனை கிலோ வரைக்கும் விடுவீங்க, கூடுதல் பணம் உண்டா, கொஞ்ச நேரம் தனியா ரூம்ல விட்டுட்டு நாங்க சாப்பிடப் போகலாமா, மாடியா கீழயா, சுத்தி வேலி இருக்கா, ராத்திரியும் திறந்திருக்கிற வெட்டர்னரி ஆஸ்பத்திரி எவ்ளோ தூரம். இதக் கேட்டா சலிச்சுக்கிறவங்க இடத்துல தங்காம இருக்கிறதே நல்லது.

கார்ப் பயணத்துல எல்லாரும் ஏமாந்து போறது வசந்தத்துலதான், ஏன்னா வெயில் அடிக்கிற மாதிரியே தெரியாது. வெளிய 21 டிகிரி, நல்லா குளுகுளுன்னு இருக்கு, ஒரு பத்து நிமிஷம் கார்ல இருக்கட்டும்னு மூடிட்டுப் போனா உள்ள 32 டிகிரி ஆயிடும், அரை மணி நேரத்துல 40. ஜன்னல ரெண்டு விரல் அளவு இறக்கி விட்டாலும் பெருசா வித்தியாசம் இல்ல. நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்ட வெளிய தள்ளும், நல்லா இருக்கும்போதே அதோட உடம்பு 38, 39 டிகிரி, 41 தாண்டினா உயிர் போற விஷயம். சப்ப மூக்கு நாய்ங்களுக்கு, பக் புல்டாக் மாதிரி, இன்னும் சீக்கிரம் முடியாம போயிடும். யாராவது ஒருத்தர் நாயோட காருக்கு வெளிய நிக்கணும், வேற வழி கிடையாது. அப்படி ஏதாவது ஆயிட்டா முதல்ல உடம்பு முழுக்கத் தண்ணிய ஊத்திக் காத்து படுற மாதிரி பண்ணுங்க, பண்ணிக்கிட்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. கிளம்புறதுக்கு மூணு நாலு மணி நேரம் முன்னாடியே சாப்பாட்ட முடிச்சிடணும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ இறக்கி நடக்க விடணும், பின் சீட்ல ஹார்னஸ், அதான் நெஞ்சச் சுத்திப் போடுற பட்டை, போட்டுக் கட்டணும்.

மணல் சூடா இருக்கான்னு பாக்க செருப்பு போட்ட காலு உதவாது. புறங்கைய மணல்ல வச்சு ஏழு வரைக்கும் எண்ணுங்க, உங்களால முடியலன்னா அவன் பாதத்துக்கும் முடியாது. தண்ணி அதுக்கு நேர் எதிர். தரை மாதிரி கடல் சட்டுனு சூடாகாது, வசந்தத்துல மேல இதமான வெயில், தண்ணி இன்னும் பனிக்காலத்துக் குளிர்லயே கிடக்கும். நீந்திட்டு வந்த மறுநாள் மணி வால் செத்த மாதிரி தொங்கிப் போச்சு ஒரு தடவ, ஆட்டவே முடியல, தொட்டா கத்தினான். குளிர்ந்த தண்ணில அதிக நேரம் நீந்தினா வால் சதை அப்படிப் பிடிச்சுக்குமாம், ஓய்வு கொடுத்ததும் நாலஞ்சு நாள்ல சரியாச்சு, ஆனா தானா எந்த வலி மாத்திரையும் கொடுக்காதீங்க, நம்ம போடுற இபுப்ரோஃபன் பாராசிட்டமால் எல்லாம் நாய்க்கு விஷம். நீந்துறவனா இருந்தாலும் முதுகுல கைப்பிடி வச்ச லைஃப் ஜாக்கெட் போட்டு விடுங்க, உள்ள இழுக்கிற நீரோட்டத்துக்கு லேப்ரடார் என்ன எது என்ன. அப்படியே இழுத்துட்டுப் போச்சுன்னா நாயக் காப்பாத்தன்னு நீங்க பின்னாடியே குதிக்காதீங்க, கரையோட பக்கவாட்டுல நடந்துக்கிட்டே பேர் சொல்லிக் கூப்பிடுங்க.

கரையில ஒதுங்கிக் கிடக்கிறது எதையும் வாய்ல வைக்க விடக்கூடாது. 2009ல நியூசிலாந்து ஆக்லாந்து கடற்கரைகள்ல வரிசையா நாய்ங்க செத்துச்சு, காரணம் கரை ஒதுங்கின ஒரு வகைக் கடல் நத்தை, ஓடு இல்லாதது, உடம்ப பந்து மாதிரி ஊதிக்கிற பேத்தை மீன்ல இருக்கிற அதே விஷம் அதுலயும் இருந்துச்சு, அதுக்கு மாத்து மருந்தே கிடையாது. செத்த சொறிமீனும் கொட்டும், தூண்டில் முள்ளுல இரை வாசனை அப்படியே இருக்கும், அதனால "விடு"ன்னு சொன்னா விடப் பழக்கிட்டுத்தான் கூட்டிட்டுப் போகணும், இத ஒரு மாசம் முன்னாடியே வீட்ல ஆரம்பிச்சிடலாம். உண்ணி மருந்து, வெறிநாய் தடுப்பூசி, கழுத்துல இப்ப பேசுற போன் நம்பர் உள்ள டேக், தோலுக்கு அடியில வைக்கிற அடையாளச் சில்லு, அதான் மைக்ரோசிப், இருந்தா அதுல பதிஞ்ச நம்பர் பழசா புதுசான்னு பாக்கிறது, இதெல்லாமும் அப்பவே முடிச்சிடுங்க. நாம பூசுற சன்ஸ்க்ரீன அவனுக்குப் பூசாதீங்க, ஜிங்க் ஆக்சைடு உள்ளத நக்கினா விஷம்.

சாயங்காலம் திரும்பினதும் நல்ல தண்ணில குளிப்பாட்டி, விரல் இடுக்குல இருக்கிற மணல எடுத்து, காத நல்லாத் துடைச்சு விடணும். உப்பு காஞ்சா அரிக்கும், அரிச்சா நக்குவான், நக்கி நக்கிப் புண்ணாகும். நானும் இந்த வேலைக்காகவே பழைய துண்டு நாலு தனியா வச்சிருக்கேன்.

இன்னொண்ணு, நாய் வச்சிருக்கிறவங்களுக்கு இது பிடிக்காம கூடப் போகலாம். "ஒண்ணும் பண்ணாது, பயப்படாதீங்க"ன்னு தூரத்துல இருந்து கத்துறத நிறுத்தணும். நாயப் பாத்தா நெஞ்சு அடைக்கிற குழந்தைங்களும் பெரியவங்களும் இருக்காங்க, கடல் அவங்களுக்கும்தான். எதிர்ல யாராவது தயங்கி நின்னா நான் கயித்தச் சுருக்கிப் பிடிச்சு மணிய என் மறுபக்கம் மாத்திக்குவேன், அவங்க போனப்புறம் நடப்போம். மலம் போனா பையில எடுத்துக் கட்டிக் குப்பைத் தொட்டியில போடணும், மணல்ல மூடிட்டுப் போறது எடுத்த கணக்குல வராது, அடுத்த ஏத்தத்துல அது கடலுக்குத்தான் போகும், நாளைக்கு ஒரு குழந்தை அங்கதான் மணல் வீடு கட்டும்.

சார், உங்க பேப்பர எத்தனையோ வீட்ல பாத்துதான் லீவுக்குக் கிளம்புறாங்க. அடுத்த தடவ இந்தப் பக்கம் போடும்போது ஒரு வெட்டர்னரி டாக்டர்கிட்டயும் பறவைங்களப் பத்தித் தெரிஞ்ச ஒருத்தர்கிட்டயும் பேசி நாய்க்குன்னு கால் பக்கம் ஒதுக்குங்க. போட்டோ வேணும்னா கயித்தோட நடக்கிற நாயப் போடுங்க, இல்லன்னா நிழல்ல உக்காந்து கிண்ணத்துல தண்ணி குடிக்கிற நாயப் போடுங்க, அதுவும் பாக்க அழகாத்தான் இருக்கும்.

நாங்க இன்னும் பதினெட்டு நாள்ல கிளம்புறோம், அன்னைக்குக் காலைல ஏழரைக்கு வத்தல், ஒன்பது வரைக்கும் நடக்கலாம்னு வீட்டுக்காரர் எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்காரு. தண்ணிக் கேனக் கழுவிக் கவுத்தாச்சு. மணி இப்பவே துண்டுப் பையப் பக்கத்துல போய்ப் படுத்துக்கிறான்.

இப்படிக்கு,
உங்க வாசகி ஒருத்தி